கறை துடைத்த காகிதம்

1914 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே லட்லோ. வேலைநிறுத்தம் செய்ததால் கம்பெனி வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், கூடாரங்களிலே குடியிருந்தனர். காவற்படை சுட்டது, கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்கு அஞ்சிக் குழியிலே பதுங்கிய 2 தாய்மாரும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர்.

கம்பெனியோ ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்தது. நாடே தூற்றியது. சீமான் வீட்டார், கறை துடைக்க ஐவி லீ என்பாரை அமர்த்தினர்.

அவர் வெளியிட்ட தாள்களைப் பாருங்கள். கொலராடோவிலே நடப்பது 'தொழில் சுதந்திர'ப் போராட்டமாம்! யாருக்குச் சுதந்திரம்? சங்கத்தை ஏற்க மறுக்கும் முதலாளிக்கு! சங்கத் தலைவரொருவர் ஓராண்டிலே பெற்ற பணத்தை ஒன்பது வாரத்திலே பெற்றதாக அச்சிட்டார். நடையிலே ஆத்திரமில்லை, வசையில்லை. நிதானமான கணக்குப்பிள்ளையின் குரல். நச்சு அங்கேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் 1906லே, ஏடுகளுக்குத் துல்லியமான செய்தியே தருவேன் என்று கொள்கை அறிக்கை விடுத்தவர் இவர்! 1915லே விசாரணை ஆணையம் கேட்டது: தகவல் மெய்தானா என்று ஆராய்ந்தீரா? இல்லை என்றார்; கம்பெனியார் கொடுத்தார்கள், வெளியிட்டேன் என்றார்.

கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அவரைக் கூலிக்குப் பொய்யுரைப்பவர் என்று சாடினார். எனக்கு அச்சொல் போதவில்லை. பொய்யனுக்காவது உண்மை தெரியும். இவரோ தெரிந்துகொள்ளவே மறுத்தவர்.

அதே 1915லே இளைய ராக்பெல்லர் கொலராடோ சென்றார், சுரங்கத்துள் இறங்கினார், தொழிலாளர் மனைவியரோடு நடனமும் ஆடினார். கம்பெனியே வகுத்த பிரதிநிதித் திட்டமொன்று கிடைத்தது. தொழிலாளர் கேட்ட சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை.