தொட்டிக்கட்டு வீட்டின் வெளிச்சம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. 'மந்திரி குமாரி' (1950) படமும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் அங்கிருந்துதான் வந்தன. ராஜசபைகளைத் திரைக்குக் கட்டித் தந்த ஊர் சேலம். ஆனால் அதைச் சுற்றியுள்ள ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் சமவெளியின் பண்ணை வீடு திரைக்குள் எப்படி வர வேண்டும்? பழைய வீடு என்றாலே பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லுமாகச் செட்டிநாட்டு வீட்டைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டின் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. அது வணிகர் வீடு என்பதே என் வாதம். உழவர் வீட்டைத் திரைக்கு வடிவமைப்பவர் பழம்பொருள் தேடி அலையும் முன், அந்த வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி வந்தது, வேலை எப்படி நடந்தது என்று படித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமவெளி உழவரின் தொட்டிக்கட்டு வீட்டில் ஓட்டுக்கூரை நான்கு பக்கமும் நடுத்தொட்டியை நோக்கிச் சரிகிறது. மழை இறங்கும் வழியில்தான் வெயிலும் இறங்குகிறது. தாழ்வாரம் பளிச்சென்றிருக்கும், ஆசாரம் என்னும் கூடம் பாதி நிழல், உள்ளறை பட்டப்பகலிலும் இருட்டு. கணக்குப் பார்க்கும் பெரியவர் எங்கே உட்காருவார், கதவோரம் நிற்கும் மருமகள் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பதையெல்லாம் வீடே தீர்மானித்துவிடுகிறது. சோளமும் நிலக்கடலையும் பருத்தியும் வந்து இறங்கிய வீடு அது. மூட்டை சாய்த்துச் சாய்த்துப் பழுப்பேறிய சுவர், தலை சாய்த்த தூணில் எண்ணெய்க் கறை, மிதிபட்டுக் குழிந்த படி ஆகியவை எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்காது. யோசித்து உண்டாக்க வேண்டியவை அவை.

அசல் வீட்டிலேயே படம் பிடித்துவிடலாமே என்று கேட்கலாம். சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' (1958) இதற்குப் பதில் சொல்கிறது. முர்ஷிதாபாத் மாவட்டத்து நிம்திதா மாளிகையில் அதைப் படமாக்கினார்கள். தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதைக்கு முன்மாதிரியானவரே அந்த மாளிகைக்காரர்தான். அப்படியிருந்தும் அங்கிருந்த இசைக்கூடம் கதையின் கம்பீரத்துக்குப் போதவில்லை. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதை ஸ்டுடியோவில் கட்டினார். ராயின் 'அபராஜிதோ' (1956) நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். காசி வீட்டு முற்றத்தைச் சந்திரகுப்தா ஸ்டுடியோவில் கட்ட, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதில் மோதவிட்டுத் திருப்பினார். வானத்து வெளிச்சம் முற்றத்தில் இறங்கியது. நம் தொட்டிக்கும் வேண்டியது அதே வெளிச்சம்தான்.

இதையெல்லாம் ரசிகர் கவனிப்பாரா என்பது அடுத்த கேள்வி. கறையைத் தனியாக யாரும் கவனிக்கமாட்டார்கள், உண்மை. ஆனால் அது இல்லாத வீட்டில் பாத்திரங்கள் விருந்தாளிகளாகவே தெரிவார்கள். அந்தக் குறையைப் பெயர் சொல்லத் தெரியாதவருக்கும் அது உறுத்தும். தொட்டியில் வெயில் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்த்தே பொழுது சொன்ன வீடுகள் இவை. திரையில் அந்த வெயில் சரியான கல்லில் விழட்டும்; உச்சிப்பொழுது என்று வசனம் எழுத வேண்டியிருக்காது.