ஊர் பார்க்க முதல்

யாழ்ப்பாணத்து ரசிகன் சென்னை ரசிகனின் நகல் என்ற பேச்சு தமிழகத்துப் பக்கமிருந்து அவ்வப்போது வரும். விஜய் படம் வந்தால் இங்கேயும் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள், வெடி கொளுத்துகிறார்கள், எல்லாம் அங்கிருந்து வந்ததுதானே என்பது அதன் சாரம். பெரிய நடிகர்களின் படங்களைப் பொறுத்தவரை இதை மறுக்க வழியில்லை. ஆனால் பெரிய முகம் இல்லாத, தோற்றவன் கடைசியில் எழுந்து நிற்கிற, பார்த்து முடிய மனம் லேசாகிற சின்னப் படங்களும் வருகின்றனவே. அப்படியொன்றை ஊர் பார்க்க முதல் கூட்டாளிகளோடு பார்ப்பது இரண்டு கரையிலும் ஒன்றல்ல. அந்த வகைப் படத்துக்கு எங்கள் கரையின் வழக்கமே பொருத்தம் என்பது என் கட்சி.

சென்னையில் வெளியீட்டுக்கு முந்திய காட்சி என்றால், பெரும்பாலும் பிரசாத் லேப் போன்ற சிறிய அரங்கில் பத்திரிகையாளருக்கும் திரையுலகத்தாருக்கும் போட்டுக் காட்டுவது. முடிந்து வெளியே வருபவரின் முகத்துக்கு நேரே மைக் நீளும். அவர் சொல்லும் இரண்டு வரி அன்றிரவே யூடியூபில் ஓடும். அழைத்து விருந்து வைத்தவர் வாசலில் நிற்கும்போது கறிக்கு உப்பில்லை என்று எவர் சொல்லுவார்? பொதுசனத்துக்கான அதிகாலைக் காட்சியோ பெரிய நடிகர்களின் சொத்தாகவே இருந்தது. 2023 ஜனவரியில் 'துணிவு' நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு ஓடியபோது, கோயம்பேட்டில் லாரியில் ஏறி ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்தார். பிறகு கெடுபிடி கூடி, அந்த ஒக்டோபரில் விஜயின் 'லியோ'வுக்கே காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை என்றாகிவிட்டது.

பத்திரிகையாளருக்கான இந்த முன்காட்சி ஏற்பாடுதானே சின்னப் படங்களைக் காப்பாற்றுகிறது என்று கேட்கலாம். 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து', 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு ஒரே நாளில் இறங்கிய 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டும் நல்ல பேச்சால் ஓடியவைதான். ஆனால் அவற்றை வாரக்கணக்கில் இழுத்துச் சென்ற பேச்சு, காசு கொடுத்துப் பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னது. அழைப்பில் வந்தவரின் இரண்டு வரிக்கு அந்த ஆயுள் கிடையாது.

எங்களிடம் அழைப்பாளியே இல்லை, பங்காளிதான். 1990களின் முற்பகுதியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் அரிது. அந்த நாளில் படம் பார்ப்பதென்றால் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, எண்ணெய்க்குக் காசு பங்குபோட்டு, சில துளி பெற்றோல் விட்டு ஜெனரேற்றரை இழுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். எந்தக் கொப்பியை முதலில் போடுவது என்பதிலேயே பாதிச் சண்டை. தன் காசும் தன் தூக்கமும் போனவன் படம் நன்றாயில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? அந்தக் குணம் இன்னும் மாறவில்லை. எங்கள் இயக்குநர் மதிசுதா கைபேசியில் எடுத்த 'வெந்து தணிந்தது காடு' பலரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் உருவானது. (அதே பெயரில் 2022இல் கௌதம் மேனன் எடுத்ததைத்தான் உலகம் அறியும், அது வேறு கதை.) பணம் போட்டவர்களும் அவர்களின் கூட்டாளிகளும் முன்வரிசையில் இருந்து பார்க்கும் படத்துக்குக் கிடைப்பது உபசார வார்த்தை அல்ல.

கூட்டாளிகள் சேர்ந்தால் கூட்டாளியின் படத்துக்குக் கைதட்டத்தானே செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. தட்டுவார்கள், அரங்குக்குள். வெளியே தேத்தண்ணிக் கடையில் உரித்து எடுப்பார்கள். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யையே பாருங்கள். நெருக்கடியில் ஊரைவிட்டு வள்ளம் ஏறிச் சென்னையில் ஒளிந்து வாழும் எங்கள் நாட்டுக் குடும்பம் ஒன்றின் கதை அது. வாய் திறந்தால் பேச்சுவழக்கால் பிடிபடுவோம் என்பதே அவர்களின் பயம். அங்குள்ளவர் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்து உருகுவார். இங்குள்ளவரும் உருகுவார், ஆனால் அதில் நடித்த சசிகுமாரின் 'ஓம்' எங்கே வழுக்கியது, சிம்ரனின் இழுவை எந்த ஊருடையது என்றும் கணக்கெடுத்துக்கொண்டே உருகுவார்.

இவ்வளவு பேசுகிற ஊரில் உள்ளூர்ப் படத்துக்கு இரண்டாம் காட்சியிலேயே கதிரைகள் காலியாக இருப்பது ஏன் என்று கேட்டால், முழுப் பழியையும் ரசிகன் தலையில் போட நான் தயாரில்லை. வசதியான நேரமெல்லாம் இந்தியப் படத்துக்குப் போனபின், வேலைநாள் மத்தியானத்தில் மிஞ்சும் ஒரு காட்சிக்கு எவன் வருவான்?