மனக்கோயிலும் வழக்கு மன்றும்

துன்பத்தை நேரே நுகர்ந்தவன் அதனைப்பற்றிப் பேசும் உரிமை உடையவன். அருகிருந்து கண்டவனுக்கும் அவ்வுரிமை ஓரளவு உண்டு. தூரத்தே இருந்து செவிவழி அறிந்தவனுக்கு அஃது உண்டோ? ஈழத்துப் போரைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்கள் பலவும் இவ்வினாவைத் தொடாது விலகிச் செல்கின்றன. அதனையே நடுப்பொருளாக எடுத்துக்கொண்டது அனுக் அருட்பிரகாசம் 2021இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘எ பசேஜ் நோர்த்’ என்னும் நாவல். ‘வடக்கு நோக்கிய ஒரு பயணம்’ என இப்பெயரைத் தமிழாக்கலாம். அவ்வாண்டின் புக்கர் பரிசுக் குறும்பட்டியலில் இந்நூல் இடம்பெற்றது.

ஆசிரியர் 1988இற் கொழும்பிற் பிறந்தவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2016இல் வெளிவந்த இவரது முதல் நாவல் போரின் இறுதிக்கட்டத்தில் அகதி முகாமொன்றிற் சிக்கியோரின் வாழ்வை மிக அண்மையில் நின்று காட்டியது. இரண்டாம் நாவலோ போர் ஓய்ந்தபின், போரைக் காணாத ஒருவனின் உள்ளத்தைக் காட்டுகின்றது. கதைநிகழ்ச்சி மிகச் சிறிது. கொழும்பில் வாழும் கிரிஷன் என்னும் இளைஞனுக்கு ஒருநாள் தொலைபேசி வழியே இறப்புச் செய்தி வருகின்றது. அவனது அப்பம்மாவைப் பராமரித்துவந்த ராணி என்னும் பெண், வடக்கிலுள்ள தன் ஊரிற் கிணற்றில் வீழ்ந்து இறந்துவிட்டாள். அவன் புகைவண்டி ஏறி வடக்கே சென்று ஈமச்சடங்கிற் கலந்துகொள்கின்றான். செய்தி, பயணம், எரிதல் என மூன்று பகுதிகளாய் நூல் அமைந்துள்ளது.

ராணி தன் மைந்தர் இருவரையும் போரில் இழந்தவள். மூத்தவன் போராளியாக மாண்டான். இளையவன் போர் முடிவதற்கு முதல்நாள் எறிகணைச் சிதறலுக்குப் பலியானான். மனநோய்க்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றும் அவள் துயர் தணியவில்லை. மறுபுறம் அப்பம்மா முதுமையின் தளர்ச்சியை ஒப்புக்கொள்ள மறுத்து, உலகின் மீதுள்ள பிடியைத் தளரவிடாதிருப்பவள். வாழ விரும்பாதவள் வாழ விரும்புபவளைத் தாங்கி நிற்பதே இக்குடும்பத்தின் அமைதி. குருதியுறவு சிறிதும் இல்லாத ராணி அவ்வீட்டின் உறுப்பாகும் விதத்தைக் காட்டுமிடத்து, குடும்பம் என்பது யாது என்ற வினாவுக்கு ஆசிரியர் ஆரவாரமின்றி விடை தந்துவிடுகின்றார்.

காளிதாசரின் மேகதூதமும் அசுவகோசரின் புத்தசரிதமும் இந்நூலில் எடுத்தாளப்படுகின்றன. ஆயினும், நம் மாணவர் சிறப்பாக நோக்கவேண்டியது பெரியபுராணத்துப் பூசலார் வரலாறே. திருநின்றவூர்ப் பூசலார் கோயில் எடுக்கப் பொருளின்றி, மனத்தினுள்ளேயே கல்லும் மரமும் தேடி ஆலயம் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளுங் குறித்தார். போர் நடந்த நாளிற் பாதுகாப்பான தொலைவில் இருந்த கிரிஷனும், படங்களையும் பதிவுகளையும் தேடித்தேடி, அழிந்த ஊர்களையும் பெயர் அறியப்படாது மாண்ட மக்களையும் தன் மனத்துள் ஒரு நினைவாலயமாகக் கட்டுகின்றான். ஒரு பக்திக் காதையை நம் காலத்துக் குற்றவுணர்வுக்கு உவமையாக்கிய இவ்விடம் நூலின் உச்சங்களுள் ஒன்று எனலாம்.

ஆயின், பூசலார் வரலாறு மனக்கோயிலோடு முடிவதன்று. காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன், இறைவன் கனவில் உணர்த்தியபடி அவரைத் தேடிவந்து வணங்கியபின்னரே அது நிறைவுறுகின்றது. அகத்தே எழுந்த கோயிலுக்குப் புறத்தே ஒரு சான்று வேண்டியிருந்தது. கிரிஷனின் மனக்கோயிலோ ராணியின் சிதைமுன் சோதனைக்குள்ளாகின்றது. படங்களில் அவன் கண்ட துயரம் பொதுவானது. எரியும் இவ்வுடலின் துயரம் ஒருத்திக்கே உரியது. தன் ஆலயத்தில் அவளுக்கு ஓரிடம் தந்தமையால் அவள் நோய் இம்மியும் குறைந்ததில்லை என்பதை அவன் உணர்கின்றான். இவ்வுணர்வுக்கு அவனை இட்டுச் செல்வதே வடக்கு நோக்கிய பயணத்தின் பயன்.

இனி, நூலின் குறையையும் கூறுதல் வேண்டும். நேர்ப்பேச்சுக்கு இதில் இடமே இல்லை எனலாம். நீண்டு செல்லும் வாக்கியங்கள் யாவும் கிரிஷனின் எண்ண ஓட்டத்தையே தொடர்கின்றன. ராணி எண்ணியது யாது என்பதை அவன் எண்ணியே நாம் அறிகின்றோம். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் வாசகருக்கு இக்குறை மிகுதியாகவே உறுத்தும். எங்கள் ஊர்க் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களில் வழக்குரை படிக்கப்படுகின்றது; பண்டிதர் வி. சீ. கந்தையா அதனைப் பதிப்பித்து 1968இல் வெளியிட்டார். அதிலே இழப்புற்ற பெண் தன் மனத்துள் குமைந்து ஒடுங்குவதில்லை. மன்றேறிப் பேசுகின்றாள், அரசன் கேட்கின்றான், பிழை பிழையென நிறுவப்படுகின்றது. அதன் பின்னரே ஊர்கூடித் திருக்குளிர்த்தி நிகழ்த்துகின்றது. வழக்குரைத்தலின்றிக் குளிர்த்தி இல்லை என்பதே அம்மரபு தரும் பாடம். ராணிக்கு மருந்து கிடைத்தது, மன்று கிடைக்கவில்லை.

இக்குறைக்கு ஒரு சமாதானம் உண்டு. தான் அறியாத ஒருத்தியின் வாயில் தன் சொற்களைப் புகுத்த ஆசிரியர் உடன்படவில்லை. ராணியின் மௌனத்தை மௌனமாகவே விட்டுவைத்த நேர்மை அது. அவள் பேசுவதற்குரிய மன்று நாட்டிலேயே இல்லாதபோது நாவலில் மட்டும் அதனை அமைத்துக் காட்டின் அது பொய்யாகிவிடும். எனவே, கலைக்குறையாகத் தோன்றுவதிற் பெரும்பகுதி உண்மையில் நாட்டின் குறையே.

இது வடக்கிற்கு மட்டும் உரிய செய்தியன்று. கரடியனாற்றிலிருந்து தொலைவிலல்லாத வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள், 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் படையினரால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. அதற்கு ஒரு திங்கள் முன்னர், ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியோராற் கொல்லப்பட்டனர். முதலாவதை நினைந்து இரண்டாவதை மறப்பவன் கடந்தகாலத்தை எதிர்கொண்டவன் ஆகான். கிரிஷனின் தந்தையும் கொழும்பில் நிகழ்ந்த குண்டுவெடிப்பொன்றில் இறந்தவர் என அமைத்ததன் மூலம், துயரத்தை ஒரு பக்கத்துக்கே உரிமையாக்காத நிதானத்தை ஆசிரியர் காத்துள்ளார். ஆயினும், அத்தந்தையின் இறப்பை ராணியின் இழப்போடு நேர்நிறுத்தி ஆராய அவர் முற்படாமை இன்னுமொரு தவறிய வாய்ப்பே.

இன்று கல்லூரிகளிற் பயில்வோருள் மிகப் பலருக்கு 2009 மே மாதம் நினைவில் இல்லை. 1990 அவர்கள் பிறக்குமுன் கழிந்தது. அவர்கள் யாவரும் ஒருவகையிற் கிரிஷனின் நிலையினரே. பிறர் பட்ட துயரைக் கேட்டறிந்து அகத்தே கோயில் எடுக்க இந்நாவல் அவர்களுக்குக் கற்பிக்கும். அக்கோயிலோடு நின்றுவிடல் ஆகாது என்பதையும், தன் கதாநாயகனின் தனிமையைக் கொண்டே அது உணர்த்திவிடுகின்றது. ராணியை ஒத்த தாயர் எம் ஊர்களில் இன்னும் உயிரோடு உள்ளனர். அவர்தம் சொல்லை அவர்தம் வாயிலிருந்தே கேட்டு எழுதும் நாவல் தமிழிலேயே தோன்றுதல் வேண்டும். அதனை எழுத முற்படுவோருக்கு இந்நூல் தக்கதொரு முன்னோடியாகும்.