பகல் காட்சி யாருக்கு?

வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ பெர்லின் விழாவுக்குப் போய்வந்து, 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘வாழை’யோடு திரைக்கு வந்தது. பின்னணி இசை இல்லை. ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கொண்டுபோகப்படும் மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. இதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்ததே தப்பு என்றும் பேசினார்கள். யாருக்காக இந்தக் கவலை?

அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி விட்டு ஆவடி பஸ் பிடிப்பவளுக்கு, சின்னப் படத்துக்குக் கிடைக்கும் பகல் காட்சி எட்டாது. முதல் ஞாயிறு துணி துவைக்கப் போகும். அடுத்த ஞாயிறு படம் இருக்காது. பெண்கள் வரவில்லை என்று வசூல் கணக்கு எழுதப்படும்.

வினோத்ராஜின் முந்தைய ‘கூழாங்கல்’ ராட்டர்டாமில் விருது வாங்கியும் 2023இல் நேரே ஓடிடிக்குத்தான் போனது. சரி, வீட்டில் ரிமோட் யார் கையில்?

பூந்தமல்லியில் ஒரு ஞாயிறு மாலைக் காட்சி, நான்கு வாரம். கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.