பாகுபதத்தில் பிறக்கும் புழு

களனி கங்கை பாறைகளுக்கிடையே இரைந்து இறங்கும் கித்துல்கல, கித்துல் மரத்தையும், பாறையைக் குறிக்கும் ‘கல’ என்ற சிங்களச் சொல்லையும் சேர்த்துப் பெயர்கொண்ட ஊர். தமிழகத்தார் கூந்தற்பனை என்று அழைக்கும் அம்மரத்தின் பூங்குலையிலிருந்து வடியும் பதநீரைக் காய்ச்சிப் பாணியாகவும், மேலும் இறுக்கிச் சிரட்டையில் வார்த்துக் கருப்பட்டியாகவும் ஆக்கும் நாட்டில் ‘பதம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. நுரை அடங்கும் விதத்தையும் அகப்பையிலிருந்து துளி விழும் விதத்தையும் பார்த்து அடுப்பை அணைக்கும் அந்தக் கண்பழக்கமே, வீட்டில் மென்பிளாஸ்டிக் இரை வார்க்கும் கைவினைக்கும் உயிர்நாடியாக இருப்பதால், அவ்வினையின் நயத்தை அறியக் கருப்பட்டிக் கொட்டிலே நல்ல பள்ளிக்கூடம்.

மென்பிளாஸ்டிக் இரை என்பது, மண்புழு, சிறுமீன், இறால், தவளை ஆகியவற்றின் உருவில் வார்க்கப்பட்டுத் தூண்டில் முள்ளில் கோர்க்கப்படும் மெத்தென்ற போலி இரையாகும். இறப்பர் சிறிதும் கலவாத இதற்கு ‘இறப்பர் புழு’ என்ற பெயர் வழங்குவதில் ஒரு வரலாற்று நியாயம் உண்டு. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவுக்குக் கன்றுகளாக வந்துசேர்ந்த பின், கேகாலை, இரத்தினபுரி மாவட்டச் சரிவுகளில் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின; அத்தகைய தோட்டங்களின் பாலை உலகெங்குமிருந்து பெருமளவில் உண்டு வளர்ந்த நகரம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள அக்ரன். அந்நகரின் குட்ரிச் நிறுவனத்தில் வேதியியலாளர் வால்டோ செமன், இறப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் வழியைத் தேடி, பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்த பீ.வீ.சீ. என்னும் பொருளை உயர்கொதிநிலைத் திரவத்தில் சூடாக்கியபோது, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பாகு ஒன்று கிடைத்தது; அது 1926ஆம் ஆண்டு. அதே அக்ரனில், 1949இல், நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளியும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, உண்மைப் புழுவைக் கொண்டு எடுத்த அச்சில் வார்த்த புழுவே பின்னர் உலகெங்கும் பரவியது. இறப்பரின் நகரமே இறப்பரைப் போன்ற பொருளையும் அதனாலான புழுவையும் ஈன்றது என்பதும், அப்புழு ஆலையில் அல்லாமல் அடுப்பங்கரையில் பிறந்தது என்பதும் இக்கைவினையின் இயல்பையே சொல்லிவிடுகின்றன.

மூலப்பொருளின் பெயர் பிளாஸ்டிசோல். மிக நுண்ணிய பீ.வீ.சீ. தூள், அதை இளக வைக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கரையாமல் மிதந்திருக்கும் கலவை இது. குளிர்ந்த நிலையில் பார்ப்பவர் இறப்பர்ப் பால் என்றே நினைக்கக்கூடிய வெண்மை உடையது. சூடேற ஏறத் தூள் எண்ணெயைக் குடித்து வீங்குவதால், கலவை முதலில் தயிர்போலத் திரண்டு, கிண்டும் கரண்டியைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இறுகுகிறது; புதிதாகக் கற்பவர் கெட்டுவிட்டது என்று கைவிடும் இடம் இதுவே. பொறுமையோடு கிண்டிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியசுக்குள் அத்திரள் தானே உடைந்து, வெண்மை நீங்கி, கண்ணாடிபோல் தெளிந்த பாகாகிறது. பாலாக இருந்தது பாகாகத் தெளியும் அந்த நொடி, இவ்வினை முழுவதிலும் மிக அழகானது. அதற்கு மேல் சூடேறினால் பாகு மஞ்சளித்துக் கருகி, நெஞ்சை அரிக்கும் அமிலப் புகையைக் கக்கும் என்பதால், காற்றோட்டமான வெளியிடமும் சமையலுக்கு ஒருபோதும் திரும்பாத தனிப்பாத்திரமும் இன்றி இதைத் தொடவே கூடாது.

அச்சை வீட்டிலேயே பாரிஸ் சாந்தில் எடுக்கலாம். களிமண்ணில் பிடித்தோ மரத்தில் செதுக்கியோ ஆக்கிய மூல உருவைப் பலகையில் ஒட்டி, எண்ணெய் தடவி, மேலே சாந்தை ஊற்றி, இறுகியபின் பிரித்தெடுத்தால் பள்ளம் கிடைக்கும். ஆனால் அதை நாள்கணக்கில் உலர்த்தி, நுண்துளைகள் அடையும்படி மெருகெண்ணெய் பூசாமல் பயன்படுத்தினால், எஞ்சிய ஈரம் கொதிபாகு பட்டதும் ஆவியாகிக் குமிழிடும், பாகைத் தெறிக்கவும் செய்யும். மழை ஓயாத கித்துல்கல போன்ற ஊரில் அச்சை உலர்த்துவதே பாதி வேலையாகிவிடும்.

வார்ப்பவரின் தேர்ச்சி வாலில் தெரிகிறது. தாள்போல் மெலிந்த வாற்பள்ளத்தில் பாகு விரைவில் ஆறிவிடும் என்பதால், நல்ல கை, சூடு குறையுமுன் முதலில் வாலை நிரப்பி, பிறகு அறுபடாத ஒரே தாரையாக உடலை நோக்கி நகர்கிறது. ஆறும்போது பாகு சுருங்குமாதலால், மேற்பரப்புக் குழியாதபடி விளிம்புக்குச் சற்று மேலாகவே நிறுத்துகிறது. வயிறு வெளிறியும் முதுகு கருத்தும் அமைய வேண்டுமானால், முதல் நிறம் ஆறிப் படியுமுன் இரண்டாம் நிறம் அதன்மேல் விழவேண்டும். சில நொடி பிந்தினால் இரண்டும் ஒட்டாமல் பிளந்துவிடும். தூளுப்புச் சேர்த்தால் எடை கூடி உரு விரைந்து மூழ்கும், ஆனால் எளிதில் கிழியும். இளக்கும் எண்ணெயைக் கூட்டினால் அசைவு கூடும், உறுதி குறையும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்கும் இந்தக் கணக்கில்தான் ஒவ்வொரு கையும் தன் தனித்தன்மையைக் காட்டுகிறது.

கடையில் தொங்கும் பொதிகளின் பளபளப்பை அழகென்று கொள்பவர் இதன் சுவையை இழக்கிறார். கையில் துவண்டு கிடக்கும் உரு, நீரில் மெல்ல இழுத்த அளவிலேயே வாலடிக்கத் தொடங்குகிறதா என்பதே சோதனை. வாலும் உடலும் சேரும் ‘மணிக்கட்டு’ தடித்திருந்தால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது. தாமரையும் புல்லும் அடர்ந்த குளத்தில் பதுங்கும் விராலுக்கு, முள்ளின் நுனி உடலுக்குள் மறையும்படி கோர்த்த தடித்த உடல் பொருந்தும். சிங்களத்தில் லெஹெல்லா எனப்படும் மாசீர் என்னும் பெருங்கெண்டை வாழும் விரைநீருக்கு, ஓட்டமே அசைத்துவிடும் சிற்றுருவே போதும். எந்த நீருக்கு எந்த வால் என்று தானே தீர்மானித்துத் தானே வார்க்கும் உரிமையில், வீட்டு வார்ப்பு ஆலைப் பொருளை விஞ்சிவிடுகிறது.

இப்பொருளுக்கு ஒரு பெருங்குறை உண்டு: அது மக்குவதில்லை. அறுந்த வாலை விழுங்கிய மீனின் வயிற்றில் அது செரிக்காமல் தங்கும். ஆயினும் கிழிந்த துண்டுகளைச் சேர்த்து மீண்டும் உருக்கினால், நிறம் சற்று மங்குவது தவிர, அவை புதுப்பாகாகவே திரும்பும். ஆகவே தூண்டில் பிடிப்போர், ஒவ்வொரு துண்டையும் ஆற்றிலும் கரையிலும் விடாமல் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து, அடுத்த வார்ப்புக்கான பாத்திரத்தில் சேர்த்துவிடுவார்களாக.