செறிவா, ஒடுக்கமா? போசு–ஐன்ஸ்டைன் நிலைக்கான தமிழ்ச்சொல் குறித்து

தமிழில் அறிவியல் உரைநடைக்கு வழிகோலியவர்களுள் ஒருவரான பெ.நா. அப்புசாமி (1891–1986), தாமிரபரணிப் பாசனத்துப் பெருங்குளத்தில் பிறந்தவர். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் ருபீடிய வாயுவை ஏறத்தாழ 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்து, போசின் எண்ணல் முறையிலிருந்து ஐன்ஸ்டைன் 1925-இல் முன்கணித்த நிலையை உண்டாக்கினர். அப்புசாமியின் எழுதுகோலுக்கு எட்டாமற்போன இப்பொருளுக்குத் தமிழில் 'செறிபொருள்', 'ஒடுக்கம்' என இருவகைச் சொற்கள் வழங்குகின்றன.

இவற்றுள் முன்னது பொருந்தாது. பொதிகை முகட்டில் நீராவி துளியாகித் தாமிரபரணியில் இறங்குவது செறிவு. அங்கே மூலக்கூறுகள் நெருங்கிச் சேர்கின்றன. போல்டரில் உண்டான வாயுவோ நாம் மூச்சிழுக்கும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு அடர்த்தி குறைந்தது. அணுக்கள் கூடுவது இடத்தில் அன்று, நிலையில். அதனைச் 'செறிபொருள்' என்பது கற்போனை முதலடியிலேயே வழிதவறச் செய்கிறது.

பல அணுக்கள் ஒரே நிலையை ஏற்பதற்குப் படை அணிவகுப்பை உவமை கூறுவதும் உண்டு. அதுவும் குறையுடைத்து, இங்கே ஆணையிடுவோர் எவருமிலர். இரு நெல்மணிகளை இரு மரக்கால்களில் இடுவதாகக் கொள்வோம். மணிகளை வேறுபடுத்தி அறியக்கூடுமாயின் நான்கு வழிகள். அவற்றுள் இரண்டில் மணிகள் ஒன்றாயிருக்கும். வேறுபடுத்தவே இயலாதெனின் வழிகள் மூன்றே. ஒன்றாயிருப்பவை அப்போதும் இரண்டு. பாதி வாய்ப்பு மூன்றில் இரண்டாகிறது. போசின் கணக்கின் உயிர்நிலை இதுவே. குளிரக் குளிர அணுவின் அலைநீளம் நீண்டு, அணுக்களுக்கிடையிலான தொலைவை எட்டும்போது இக்கணக்கு மேலோங்கி, திரளான அணுக்கள் மிகத் தாழ்ந்த ஆற்றல்நிலை ஒன்றிலேயே சென்று சேர்கின்றன.

'ஒடுக்கம்' என்னும் சொல் இதற்கு இடந்தருகிறது. சைவ சித்தாந்தத்தில் அது நெருக்கத்தைக் குறிப்பதன்று. பலவாய்த் தோன்றியவை தம் காரணத்தில் அடங்குதலைக் குறிப்பது. அத்தத்துவத்தை இயற்பியலில் ஏற்றிப் பெருமை பேசுவது வீண்வேலை. எனினும், பன்மை ஒருநிலையில் அடங்குதல் என்ற பொருட்சாயல் அச்சொல்லில் முன்னரே உள்ளமையால், விளக்கத்துடன் அதனையே ஆளலாம்.

விளக்கத்தில் விடுபடலாகாதது 1997-இல் கெட்டர்லே குழுவினர் செய்த சோதனை. தனித்தனியே உண்டாக்கிய இரு சோடிய ஒடுக்கங்களை விரியவிட்டு ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்தபோது, குளத்தில் எழுந்த இரு அலைகள் சந்தித்தாற்போல அணுக்கள் மிகுந்தும் குறைந்தும் வரிவரியாகத் தோன்றின. நெருக்கத்தை மட்டும் உணர்த்தும் சொல்லால் அவ்வரிகளுக்குக் காரணம் கூற இயலாது.