மேடையிலிருந்து பலகைக்கு
மெக்சிக்க மரபுக் கலைகளைக் கற்பிப்போர் குறித்து ஒரு பார்வை

மரபுக் கலையை ஏழை எளிய மக்களிடம் கொண்டுசேர்ப்பது என்ற பேச்சு மெக்சிக்கோவைப் பொறுத்தவரை கொஞ்சம் தலைகீழானது. அந்தக் கலைகளை உண்டாக்கியவர்களே அவர்கள்தாம். கரும்புத் தோட்டக் கூலிகள், மாடு மேய்த்தவர்கள், மீனவர்கள், அடிமைகளாகக் கப்பலில் வந்திறங்கிய ஆப்பிரிக்கர்கள், மலைவாழ் பழங்குடியினர் ஆகியோர் ஆடியதையும் பாடியதையும் அரசும் வானொலியும் சினிமாவும் எடுத்து மெருகேற்றி மேடையில் வைத்தன. கடந்த அறுபது ஆண்டுகளாக மெக்சிக்கோவிலும் அமெரிக்காவின் மெக்சிக்கக் குடியிருப்புகளிலும் இசைக்கலைஞர்கள் செய்துவருவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. அப்படிக் கொடுக்கும்போது பாட்டும் அடவும் மட்டும் போகின்றனவா, அவை உயிரோடிருந்த சூழலும் சேர்ந்து போகிறதா என்பதை வைத்தே இந்த முயற்சிகளை எடைபோட முடியும்.

அரசு நடத்திய பாடம்

1910இல் தொடங்கிய புரட்சி ஓய்ந்தபின், 1921இல் மெக்சிக்கோவில் பொதுக்கல்வி அமைச்சகம் உருவானது. அதன் முதல் அமைச்சர் ஹோசே வஸ்கொன்செலோஸ். 1923 முதல் ‘பண்பாட்டுப் பணிக்குழுக்கள்’ கிராமங்களுக்குப் புறப்பட்டன. எழுத்தறிவு, சுகாதாரம், கைத்தொழில் ஆகியவற்றோடு இசையையும் சொல்லிக்கொடுத்த இந்த ஆசிரியர்கள், போன இடங்களில் கண்ட ஆட்டங்களையும் பாடல்களையும் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். ஒரு பகுதியின் நடனமான ஹராபே தபத்தியோ நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் தேசிய நடனமாக ஆனது இந்தக் காலத்தில்தான். 1952இல் அமாலியா எர்னாந்தெஸ் தொடங்கிய நாட்டுப்புற பாலே குழு, இந்தப் போக்கை உலக அரங்குகள் வரை கொண்டுபோயிற்று.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. எங்கோ ஒரு மூலையில் கிடந்த ஆட்டத்துக்கு நாடு தழுவிய மதிப்புக் கிடைத்தது. ஆனால் ஊருக்கு ஊர் மாறிய அடவுகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. ஆடியவர்கள் பார்வையாளர்கள் ஆனார்கள்.

வெராக்ரூஸில் நடந்த திருப்பம்

வளைகுடாக் கரையிலுள்ள வெராக்ரூஸ் மாநிலத்தின் சோன் ஹரோச்சோ இசை இதற்கு நல்ல சான்று. ஸ்பானிய, ஆப்பிரிக்க, பழங்குடி மரபுகள் மூன்றும் அதில் கலந்துள்ளன. 1766இல் ‘சுசும்பே’ என்ற ஆட்டப்பாட்டை ஆபாசமென்று சொல்லித் திருச்சபையின் விசாரணை மன்றம் தடைசெய்தது. 1946இல் அதே மண்ணைச் சேர்ந்த மிகேல் அலேமான் அதிபர் தேர்தலில் நின்றபோது, ‘லா பாம்பா’ என்ற சோன் ஹரோச்சோ பாடல் அவருடைய பிரசாரப் பாட்டானது. அதன்பின் வெள்ளை உடையணிந்த குழுக்கள் சினிமாவிலும் உணவகங்களிலும் இந்த இசையை வேகவேகமாக வாசித்தன. கிராமத்தில் விடிய விடிய நடந்த ஃபண்டாங்கோ என்ற ஆட்டப்பாட்டுக் கூடல் மங்கத் தொடங்கியது.

1977இல் கில்பெர்தோ குத்தியெரெஸ் நண்பர்களோடு சேர்ந்து ‘மோனோ பிளாங்கோ’ குழுவைத் தொடங்கினார். 1893இல் பிறந்த, அப்போது எண்பதைத் தாண்டிவிட்ட அர்காதியோ இதால்கோ என்ற நாட்டுப்பாடகரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கச்சேரியோடு நிற்கவில்லை. கிராமம் கிராமமாகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். கருவி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் ஊரையே கூட்டி ஃபண்டாங்கோ நடத்தினார்கள். ‘ஹரானா இயக்கம்’ என்று இன்று அழைக்கப்படுவது இதிலிருந்து கிளைத்தது.

ஃபண்டாங்கோ எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்தக் கல்விமுறை புரியும். நடுவில் தரீமா என்ற மரப்பலகை மேடை. முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆடுபவர்களின் குதிகால் அதன்மீது விழும் ஓசைதான் தாளம்; பலகையே பறை. மாட்டுக்கொம்பைச் சீவிச் செய்த நீண்ட மீட்டுக்குச்சியால் ரெக்கிந்தோ என்ற நரம்புக்கருவியை வாசிப்பவர் முதலில் மெட்டெடுப்பார். ஹரானாக்கள் சேர்ந்துகொள்ளும். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படும் சிறிய கருவி ஹரானா; பெரும்பாலும் எட்டு நரம்புகள், ஐந்து கட்டுகளாக. பக்கத்தில் ஒருவர் கழுதையின் தாடையெலும்பைத் தட்டிப் பற்களைக் கடகடக்க வைப்பார். ஒருவர் ஒரு கண்ணி பாடினால் இன்னொருவர் பதில் கண்ணி பாடவேண்டும். சில பாடல்களுக்குப் பெண்கள் மட்டும் ஆடுவார்கள். சிலவற்றுக்கு ஆணும் பெண்ணும் ஜோடியாக. ஆட விரும்பும் பெண் பலகையருகே போய், ஆடிக்கொண்டிருப்பவளின் தோளைத் தொட்டால் போதும், அவள் இறங்கி இடம் கொடுப்பாள். புதிதாகக் கற்பவர் வெளிவட்டத்தில் நின்று, முன்னே நிற்பவரின் விரல்களைப் பார்த்து வாசிப்பார். தவறினாலும் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. பழகப் பழக உள்வட்டத்துக்கு நகரலாம். இதுதான் பாடத்திட்டம்.

எல்லை கடந்த பாடம்

இந்த முறை கலிபோர்னியாவில் நன்றாக வேர்பிடித்தது. சான் பாப்லோ என்ற சிறு நகரில் யூஜின் ரோட்ரிகெஸ் நிறுவிய ‘லோஸ் சென்சோன்ட்லெஸ்’ கலைக்கூடம், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு சோன் ஹரோச்சோவைக் கற்பிக்க மோனோ பிளாங்கோ கலைஞர்களையே வரவழைத்தது. மெக்சிக்கோவின் ஹாலிஸ்கோ மாநிலக் கிராமங்களில், மரியாச்சி என்ற குழு இசையில் டிரம்பெட் சேர்வதற்கு முன்பிருந்த பழைய பாணியையும் அங்கே கற்பித்தார்கள். அங்கே படித்து வளர்ந்தவர்களே பின்னர் ஆசிரியர்களாகவும் ஆனார்கள்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் ‘கெட்சால்’ இசைக்குழு ஃபண்டாங்கோவைச் சமூக அமைப்பு வேலையின் கருவியாக்கியது. குழுவின் பாடகி மார்த்தா கொன்சாலெஸ் பேராசிரியரும்கூட. 2022இல் மெக்கார்தர் விருது பெற்றார். மோனோ பிளாங்கோவில் வளர்ந்த சேசர் காஸ்த்ரோ அதே நகரில் குடியேறி, வகுப்பெடுப்பதோடு கருவியும் செய்கிறார். 2008இல் தீஹுவானா - சான் டியேகோ எல்லையில் ‘எல்லை ஃபண்டாங்கோ’ தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை, இந்தப் பக்கம் ஒரு பலகை. பாட்டுக்கு மட்டும் கடவுச்சீட்டு கேட்க ஆளிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் மரியாச்சி

மரியாச்சி போன பாதை வேறு. அது பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டியது. டெக்சாஸ் பள்ளிகளில் ஸ்பானிய மொழியில் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டுவந்த காலம் அது. 1966இல் சான் அந்தோனியோவில் பெல் ஓர்த்திஸ் என்ற இசையாசிரியை மரியாச்சியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். வீட்டு வாசலிலேயே விட்டுவரச் சொன்ன மொழியை அந்தப் பிள்ளைகள் வகுப்பில் உரக்கப் பாடினார்கள். 1979இல் அதே ஊரில் நடந்த மரியாச்சி மாநாட்டில், மெக்சிக்கோவின் புகழ்பெற்ற ‘மரியாச்சி வர்காஸ்’ குழுவின் கலைஞர்களே மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். அரிசோனாவின் டூசானில் 1964இல் தொடங்கிய ‘சாங்கித்தோஸ் ஃபேயோஸ்’ என்ற இளையோர் குழு, கச்சேரி வருமானத்தைத் தன் உறுப்பினர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையாகக் கொடுத்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஹோசே எர்னாந்தெஸ் 1991இல் ஒரு மரியாச்சி மரபுக் கழகத்தைத் தொடங்கினார். 1994இல் பெண்கள் மட்டுமே கொண்ட ‘மரியாச்சி ரெய்னா’ குழுவையும் உருவாக்கினார். ஆண்களின் கோட்டையாக இருந்த மரியாச்சியில் பெண்களுக்கு வழி திறந்ததில் இத்தகைய வகுப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. 2001இல் சான் ஃபெர்னாந்தோ நகராட்சி, நாத்தி கானோவின் ‘லோஸ் கம்பேரோஸ்’ மரியாச்சிக் குழுவின் கலைஞர்களைக் கொண்டு குரு-சிஷ்ய முறையில் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. 2002இல் லாஸ் வேகாஸின் அரசுப் பள்ளிகளிலும் மரியாச்சி பாடமானது.

பள்ளிமுறையின் பலம் அதன் ஒழுங்கு. ஏற்கெனவே இருக்கும் வயலினும் டிரம்பெட்டும் கைகொடுக்கின்றன. கிதாரோன், விவெலா என்ற நரம்புக்கருவிகள்தான் புதிதாக வாங்கவேண்டியவை. பெருத்த வயிறுள்ள கிதாரோனில் ஒரே சுரத்துக்கு இரண்டு நரம்புகளைச் சேர்த்து இழுக்கவேண்டும்; பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை காய்த்துப்போகும். பலவீனம் போட்டிகளில் இருக்கிறது. டெக்சாஸில் இன்று மாநில அளவிலான பள்ளி மரியாச்சிப் போட்டியே நடக்கிறது. கோப்பை வந்தால் கல்வி வாரியம் நிதி ஒதுக்குகிறது, பெற்றோரும் பெருமைப்படுகிறார்கள். ஆனால் நடுவர் மெச்சும் கச்சிதமான வாசிப்பே இலக்கணமாகிவிட்டால், ஊருக்கு ஊர் வேறுபட்ட பாணிகளுக்கு மதிப்பெண் கிடைக்காது. 1920களில் அரசு செய்த தவற்றைப் போட்டி அட்டவணை இன்னொரு முறை செய்துவிடக்கூடும். மரியாச்சிக் கலைஞர்கள் அணியும் வெள்ளிப் பொத்தான் வைத்த சார்ரோ உடையின் விலையும் ஏழை வீட்டுக்குச் சுமைதான்.

மலையூர் காட்டும் வழி

ஒஹாக்கா மலைகளில் மிஹே பழங்குடியினரின் சாந்தா மரியா த்லாவிதொல்தெபெக் ஊரில் இயங்கும் இசைப்பயிற்சி மையம் ஃபண்டாங்கோ, பள்ளிக்கூடம் என்ற இந்த இரண்டு பாதைகளையும் இணைக்கிறது. பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். இசைக்குறிப்பு உண்டு, தேர்ச்சி உண்டு, வெளிநாட்டு இசையும் உண்டு. படித்துமுடித்தவருக்குத் தன் ஊர் பேண்டில் ஓர் இடம் காத்திருக்கிறது. அங்கே திருவிழாவிலும் சாவு வீட்டிலும் வாசிப்பது ஊருக்குச் செய்யும் பொதுவேலை. சாலை போடுவதைப் போலவே அதையும் மதிக்கிறார்கள்.

கற்றதை வாசிக்க ஓர் இடம், கேட்க ஓர் ஊர், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமை: வெராக்ரூஸிலும் சான் பாப்லோவிலும் ஒஹாக்காவிலும் வேலை நிலைத்ததற்கு இந்த மூன்றும் காரணம். நிதி கொடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்ற கணக்கை. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: திட்டம் முடிந்து ஐந்து ஆண்டு கழித்து, அந்தத் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வெளியூரிலிருந்து ஆள் தேடவேண்டியிருக்கிறதா? இல்லை என்று பதில் வந்தால், கொடுத்த பணம் வீண்போகவில்லை.